எட்டாமிடத்தார் வாய் திறந்த நாள்

உனக்கேன் பிள்ளை இப்ப அந்தாளின்ரை கதை? வந்த வேலையைப் பாக்காமல், ஒரு மனுசன் ஏன் வாயைப் பூட்டிக்கொண்டு திரிஞ்சவர் எண்டு வம்பு விடுப்புக் கேக்கிறாய். நான் சொல்ல, நீ அதைப் பத்திரிகையிலை போட, அதை அவர் வாசிக்க, பேந்து லிப்டிலை அவற்றை முகத்தைப் பாக்கப்போறது நீயோ நானோ? தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போ.

போகமாட்டாய். அது உன்ரை முகத்திலையே எழுதிக் கிடக்கு. சரி, போனை மேசையிலை வை. என்ரை மூஞ்சைக்கு முன்னாலை நீட்டாதை, எனக்குக் கூச்சமாக் கிடக்கு.

கனடாவிலை இந்த மொன்றியலிலை வாய் உள்ள ஆக்கள் கனபேர். அந்த வாயை எப்ப மூட வேணும் எண்டு தெரிஞ்சது அவர் ஒராள்தான். அதுவும் தன்ரை எண்ணத்துக்கு மூடுறேல்லை. சந்திரனைப் பாத்து மூடுவார், சந்திரனைப் பாத்துத் திறப்பார்.

சொந்தப் பேர் என்னெண்டு எங்கடை கட்டிடத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. தபால் பெட்டியிலை பிரெஞ்சு எழுத்திலை இருந்தது. அதை வாசிக்கத் தெரிஞ்சவைக்கு அவரைத் தெரியாது, அவரைத் தெரிஞ்ச எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எங்கடை ஏரியா கோட்-டெ-நெய்ஜ் முழுக்க அவருக்கு ஒரே பேர்தான், எட்டாமிடத்தார்.

சந்திராட்டமம் எண்டால் என்னெண்டு தெரியுமோ உனக்கு? முழிக்கிற முழியிலை தெரியுது. நீ பிறக்கேக்கை சந்திரன் எந்த வீட்டிலை நிண்டவரோ, அதுதான் உன்ரை ராசி. ஆனா சந்திரன் ஒரு இடத்திலை தரிக்க மாட்டாதவர். மாதத்துக்கு ஒருக்கா பன்னிரண்டு வீட்டுக்கும் போய் எட்டிப் பாத்திட்டு வருவார், எங்கடை ரெண்டாம் மாடிச் செல்வராணி மாதிரி. அப்பிடிப் போகேக்கை, உன்ரை ராசிக்கு எட்டாம் வீட்டிலை ஒரு ரெண்டேகால் நாள் நிப்பார். அதுதான் உனக்குச் சந்திராட்டமம். மனம் ஒரு நிலையிலை நில்லாது, நாக்குச் சறுக்கும், சொல்லக் கூடாததைச் சொல்லிப்போடுவாய் எண்டு சாத்திரம். மற்ற ஆக்கள் அந்த நாளிலை புதுசா ஒண்டும் தொடங்கமாட்டினம், ஒரு விளக்கைக் கொளுத்திக் கும்பிட்டிட்டு இருப்பினம். இவர் அந்த ரெண்டேகால் நாளும் ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார்.

எங்களுக்கு விளங்கட்டும் எண்டு தலையிலை ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. ஆடி மாத வெக்கையிலையும் தொப்பி. தொப்பி கிடந்தால் ஆளோடை கதையில்லை. தொப்பி இறங்கினால், கடவுளே, ஆளை நிப்பாட்டேலாது.

ஒருக்காத் தொப்பி போட்ட நாளிலை வீட்டிலை பால் முடிஞ்சுபோச்சு. மூலையிலை இருக்கிற டெப்பனர் கடைக்குப் போய், பாலைக் கையாலை காட்டியிருக்கிறார். கடைக்காரப் பெட்டை அதுக்குப் பின்னாலை இருந்த பூனைச் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் குடுத்திட்டுது. இல்லை எண்டு சொல்ல வேணுமெல்லோ? சொல்லமாட்டார். மெர்சி எண்டு அவள் பிரெஞ்சிலை நன்றி சொல்ல, இவர் கும்பிட்டிட்டு வந்திட்டார். பூனை இல்லாத மனுசன், பூனைச் சாப்பாட்டோடை. ரெண்டு நாளாலை எங்கையோ மணம் பிடிச்சுக்கொண்டு ஒரு பூனை வந்து அவற்றை கதவடியிலை இருந்திட்டுது. தொப்பி இறங்கினாப் பிறகு அந்தப் பூனைக்கும் என்ன ராசியா இருக்கும் எண்டு நடையைப் பாத்துக் கணிச்சவர். விருச்சிகமாம். எனக்கும் அப்பிடித்தான் பட்டது.

அவருக்கு வேலை டோர்வலிலை, எயார்போட்டிலை பெட்டி ஏத்தி இறக்கிறது. அங்கை ஒருக்கா வேலையாக்கள் ரெண்டு பகுதியாப் பிரிஞ்சு பெரிய பிரச்சினையாம். ரெண்டு பகுதியும் தனித்தனியா இவரைக் கூட்டிக்கொண்டு போய் மற்றப் பகுதியைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கினம். இவர் தொப்பியோடை நிண்டு ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டியிருக்கிறார். இண்டைக்கு வரைக்கும் ரெண்டு பகுதிக்கும் அவர் தங்கடை ஆள். ஒரு பகுதி கோப்பி வாங்கிக் குடுக்கும், மற்றது டோனட். வாய் திறந்து பிழைச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். மூடிப் பிழைச்சது இவர்தான்.

தொப்பி இல்லாத நாளிலை அவர் எங்கடை எல்லாருக்கும் வைத்தியர் மாதிரி. வீடு மாறுறதுக்கு நேரம், வேலைக்குப் போய்க் கேக்கிறதுக்கு நேரம், சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்டெரியிலை பிள்ளையை விடுறதுக்கு நேரம், எல்லாம் அவரிட்டைத்தான். எனக்கும் பலன் சொன்னவர். "ஆச்சி, உங்களுக்கு வாக்குத்தானத்திலை சனி நிக்கிறார், பாத்துக் கதையுங்கோ" எண்டார். "தம்பி, சனி மெல்ல நடக்கிற ஆள். அவர் நிண்டபடியாலைதான் நான் இவ்வளவு குறைவாக் கதைக்கிறன்" எண்டன். அதுக்கு மேலை அவர் என்ரை சாதகத்தைத் தொடேல்லை.

பேந்து சனி வீடு மாறுற சனிமாற்றம் வந்தது. அண்டைக்கு லிப்டிலை ஏறாதேங்கோ எண்டு படியடியிலை நிண்டு சொல்லிப் பாத்தார். செல்வராணியும் வேறை நாலைஞ்சு பேரும் சிரிச்சுப்போட்டு ஏறிச்சினம். லிப்ட் ரெண்டு மாடிக்கு நடுவிலை நிண்டுபோச்சு. உள்ளுக்கை இருந்து அழுகையும் பிரார்த்தனையும் கேக்குது. எட்டாமிடத்தார் ஆறுதலாப் படியேறி வந்து, லிப்ட் கதவுக்கு முன்னாலை ஒரு கதிரையைப் போட்டு இருந்து, மேட ராசியிலை இருந்து தொடங்கினார் சனிமாற்றப் பலனை. உள்ளை நிண்ட ஆக்களுக்கு ஓடேலுமோ? அதிலை ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவனும் மாட்டுப்பட்டுப்போனார். அவருக்கு மட்டும் பிரெஞ்சிலை தனியாச் சொன்னவர். லிப்ட் திருத்த வந்த பெடியன் இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் ராகு கேதுவும் முடிஞ்சிருக்கும். கதவு திறந்தவுடனை எல்லாரும் ஓடிச்சினம். கிழவன் மட்டும் நிண்டு, தனக்கு மற்றதையும் சொல்லு எண்டு கேட்டவர்.

இதுக்கெல்லாம் ஆதாரம், யாழ்ப்பாணத்திலை இருந்து வருசா வருசம் வாற பஞ்சாங்கம். அங்கை இருக்கிற அவற்றை மனுசி, ஆரும் கனடா வந்தால் அவையின்ரை பெட்டிக்குள்ளை பனங்கிழங்கு ஒடியல் மாவோடை வைச்சு அனுப்புவா. இவர் அதைப் பாத்து, கதவிலை ஒரு மட்டையைத் தொங்கவிட்டு, இண்டைக்கு இன்ன ராசிக்குச் சந்திராட்டமம், இத்தனை மணிக்கு முடியுது எண்டு எழுதுவார். கட்டிடம் முழுக்க அந்த மட்டைப்படிதான் நடந்தது.

நாலாம் மாடியிலை பவித்ரா எண்டு ஒரு சென்னைப் பிள்ளை, யூனிவர்சிற்றியிலை இஞ்சினியருக்குப் படிக்குது. அது ஒருநாள் மட்டையைப் பாத்திட்டு மரியாதையாக் கேட்டது. "அங்கிள், இதுல இருக்கிறது ஸ்ரீலங்கா டைம் தானே? இங்க பாக்கணும்னா பத்து மணி நேரத்துக்கு மேல கழிக்கணும். நீங்க அப்படியே எழுதிட்டீங்களே."

எட்டாமிடத்தார் அந்தப் பிள்ளையைப் பாவமாப் பாத்தார். "பிள்ளை, சந்திரன் ஒண்டோ ரெண்டோ?"

"ஒண்ணுதான் அங்கிள்."

"அப்ப நேரமும் ஒண்டுதான்."

அந்தப் பிள்ளை திரும்பிப் போயிட்டுது. அண்டைக்கு அதுக்குப் படிப்பிலையே ஒரு வெறுப்பு வந்திருக்கும்.

இப்ப நீ கேக்கப்போறாய், இப்பிடி வாயைக் கட்டுற அளவுக்கு என்ன நடந்தது எண்டு. கேக்காமல் இருக்கமாட்டாய். கேள்.

அந்த மனுசி வதனாவைக் கட்டி ஒரு மாதத்தாலை இவர் ஊரை விட்டு வெளிக்கிட்டவர். இங்கை வந்து அகதி எண்டு கேட்டு, அது சரிவந்து, பேந்து மனுசியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு, கியூபெக் மாகாணக்காரன் ஒரு பக்கம், ஒட்டாவாவிலை பெரிய அரசாங்கக்காரன் ஒரு பக்கம் எண்டு வருசக்கணக்கா இழுபட்டது. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பாத்தவையாம். சேர்ந்து இருக்கிற பொருத்தத்தை மட்டும் பாக்க மறந்துபோச்சினம். ஒருநாள் வதனா போனிலை, எப்பதான் விசா வரும் எண்டு கேட்டிருக்கிறா. இவர் அப்பதான் வேலையாலை குளிருக்குள்ளை விறைச்சுப்போய் வந்தவர். "வராட்டி அங்கையே கிடவும்" எண்டு சொல்லிப்போட்டார்.

அவ்வளவுதான். வதனா போனை வைச்சா. தைப்பொங்கலுக்கு வைச்ச போனை ஆவணியிலை நல்லூர்த் தேருக்குத்தான் திரும்ப எடுத்தவ.

அந்த மாதங்கள் இவர் சோறு தின்னேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் குடுத்த புட்டு அப்பிடியே காய்ஞ்சு கிடந்தது. பேந்து ஒருநாள் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்திருக்கிறார். அந்தச் சொல்லைச் சொன்ன அண்டைக்கு, மட்டைக் கணக்கிலை சந்திராட்டமம் முடியக் கொஞ்ச நேரந்தான் கிடந்ததாம். "கொஞ்சம் பொறுத்துப் போன் எடுத்திருந்தால் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன் ஆச்சி" எண்டு என்ரை குசினியிலை இருந்து சொன்னவர். அண்டைக்குப் பிடிச்சதுதான் இந்தத் தொப்பியும் ஊமை வேசமும். இன்னொருக்கா அப்பிடி ஒரு சொல்லு வாயாலை வந்திடும் எண்ட பயம். இதை நான் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறன், ஆனா அண்டைக்கு நான் சிரிக்கேல்லை.

ஒரு மாதிரி விசா வந்தது. ரிக்கெற் அங்கை வதனாவே எடுத்தா. மாசி மாதம், சனிக்கிழமை பின்னேரம் டோர்வலிலை இறங்குது. எட்டாமிடத்தார் ஓடிப்போய்ப் பஞ்சாங்கத்தைப் பாத்தார். பாத்தவர் அப்பிடியே நிலத்திலை குந்திட்டார். அவருக்கு மிதுன ராசி. சனிக்கிழமை இரவு வரைக்கும் சந்திரன் மகரத்திலை, சரியா எட்டிலை.

ரிக்கெற்றை மாத்தச் சொல்லிக் கேக்கப் பயம். ஏனெண்டால் வதனா முன்னமே சொல்லிப்போட்டா. பள்ளிக்கூட வேலையை விட்டிட்டு வாறன், தாய் சகோதரம் எல்லாம் வேண்டாம் எண்டுதான் சொல்லுதுகள், வந்து உங்கடை முகத்தைப் பாப்பன், பழைய மாதிரி ஒரு சுடுசொல்லோ இல்லாட்டி ஒரு விருப்பமில்லாத முகமோ கண்டால் திரும்பி ஏறிடுவன் எண்டு. கதைச்சால் சந்திராட்டமம், கதைக்காட்டி விருப்பமில்லாத முகம். மனுசன் என்ன செய்யும்?

என்னட்டை வந்தார். "ஆச்சி, அண்டைக்கு நீங்கள்தான் எனக்கு வாய்" எண்டார்.

நான் கேட்டன், "கட்டிப்பிடிக்கிறதும் நானோ?"

அவருக்குப் பகிடி பிடிபடேல்லை. கையைக் காட்டிக் காட்டி எனக்குப் பழக்கினார். நெஞ்சிலை கை வைச்சால், உம்மை நினைக்காத நாள் இல்லை எண்டு சொல்ல வேணுமாம். வயித்தைத் தொட்டால், பிளேனிலை சாப்பிட்டீரோ எண்டு கேக்க வேணுமாம். காதைப் பிடிச்சால், அண்டைக்குச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளும். நான் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டன். எனக்கும் எயார்போட் பாத்துக் கனகாலம்.

சனிக்கிழமை ராக்சி பிடிச்சம். எங்கை போக வேணும் எண்டு ராக்சிக்காரன் பிரெஞ்சிலை கேக்கிறான். பிரெஞ்சு தெரிஞ்சவர் வாய் திறக்கமாட்டார். வாய் திறக்கிற எனக்கு போஞ்சூர் எண்ட வணக்கத்தைத் தவிர ஒண்டும் தெரியாது. நான் ரெண்டு கையையும் விரிச்சுப் பிளேன் மாதிரி ஆடிக் காட்டினன். அவன் கண்ணாடியாலை எங்களைப் பாத்த பார்வையிலை, ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டு போகப்போறான் எண்டு நினைச்சன்.

டோர்வலிலை ஆக்கள் வெளியிலை வாற வாசலிலை நிண்டம். இவர் சிவப்புத் தொப்பி, கையிலை புதுசா வாங்கின ஒரு பெரிய குளிர்ச் சட்டை.

வதனா வந்தா. மெல்லிசா, உயரமா, ஊரிலை பின்னின சுவெற்றர் ஒண்டோடை, வண்டிலைத் தள்ளிக்கொண்டு. கண்டவுடனை நிண்டுட்டா. இவர் சட்டையை நீட்டினார். அவ வாங்கேல்லை. ஏதும் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா. இவர் நெஞ்சிலை கையை வைச்சார்.

நான் தொடங்கினன். "பிள்ளை, உம்மை நினைச்சு இவர் ஒரு மாதமாச் சாப்பிடேல்லை, நித்திரை இல்லை, பெட்டி ஏத்தப் போன இடத்திலை உம்மடை பேரைச் சொல்லிப் பெட்டிக்கு மேலை விழுந்து" எண்டு கொஞ்சம் என்ரை கையாலும் போட்டுச் சொல்லிக்கொண்டு போனன். அவர் வயித்தைத் தொட்டார். காதைப் பிடிச்சார். அவசரத்திலை எல்லாத்தையும் ஒண்டாப் பிடிக்கிறார். எது என்னெண்டு எனக்கும் மறந்துபோச்சு.

வதனா என்னைப் பாத்தா. "ஆச்சி, குறை நினையாதேங்கோ. நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ. இவர் சொல்லட்டும்."

என்ரை சீவியத்திலை என்னை ஒருத்தர் வாயை மூடச் சொல்லி நான் மூடினது அண்டைக்குத்தான்.

அவர் வாய் திறக்கேல்லை. கண்ணாலை தண்ணி ஓடுது, வாய் இறுகிக் கிடக்கு. சனம் எங்களைச் சுத்திப் போகுது, கட்டிப்பிடிக்குதுகள், கொஞ்சுதுகள். நாங்கள் மூண்டு பேரும் மரம் மாதிரி. வதனாவின்ரை கை வண்டிலை இறுக்கிப் பிடிச்சதைக் கண்டன். வண்டில் ஒரு பக்கம் திரும்பிச்சுது. முடிஞ்சுது, போகப்போறா எண்டு நினைச்சன். சந்திராட்டமம் பிள்ளை, ராவைக்கு முடிஞ்சிடும், அது வரைக்கும் பொறும் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லாமல் விட ஏலாமல் போச்சு.

வதனா வண்டிலை ஓரமா விட்டிட்டுக் கிட்ட வந்தா. தொப்பியைப் பாத்தா. ஒரு சிரிப்பு வந்ததை அடக்கினா.

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனியள்? மாதா மாதம் ரெண்டு நாள் போன் இல்லை, டியூட்டி எண்டு பொய். பஞ்சாங்கம் வாங்கி அனுப்பிறது நான். அனுப்ப முன்னம் பாக்கமாட்டனோ? பாத்துத்தான் இந்த ரிக்கெற் எடுத்தனான். இங்கைதான் உங்களுக்கு இன்னும் சனிக்கிழமை. அங்கை ஞாயிற்றுக்கிழமை பிறந்து சாமமாகுது. நான் பிளேனிலை வரேக்கையே உங்கடை சந்திரன் எட்டை விட்டுப் போட்டார். வாயைத் திறவுங்கோ."

அவர் மணிக்கூட்டைப் பாத்தார். விரலை மடிச்சு எண்ணினார். என்னைப் பாத்தார். என்னை என்னத்துக்குப் பாக்கிறது? நான்தான் சும்மா இருக்கச் சொல்லப்பட்டவள். பேந்து வாயைத் திறந்தார்.

"குளிருதோ?" எண்டார்.

இவ்வளவு வருசத்துக்குப் பிறகு ஒரு மனுசன் மனுசியிட்டை நேரிலை கேட்ட முதல் கேள்வி. வதனா அந்தச் சுவெற்றருக்குள்ளை பல்லு அடிக்க நடுங்கிக்கொண்டு, "இல்லை, வேர்க்குது" எண்டா. பேந்து ரெண்டு பேரும் சிரிச்சினமோ அழுதினமோ தெரியாது. நான் அங்காலை திரும்பிப் பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கும் கொஞ்சம் மரியாதை தெரியும்.

திரும்பி வரேக்கை தொப்பி அவற்றை மடியிலை. கதை எண்டால் கதை. ஆத்தைக் காட்டுறார், மலையைக் காட்டுறார், ராக்சிக்காரனுக்கு என்ன ராசி எண்டு பிரெஞ்சிலை கேக்கிறார். அப்பேக்கை ஒரு யோசினை வந்து, பெருமையாச் சொன்னார், "பாத்தீரே, அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னதுக்கும் சந்திரன்தான் காரணம்."

வதனா யன்னலாலை பனியைப் பாத்துக்கொண்டே சொன்னா. "அண்டைக்கும் பஞ்சாங்கத்தைப் பாத்தனான். நீங்கள் போன் எடுக்கேக்கை சந்திரன் எட்டை விட்டுக் கன நேரம். ஒன்பதிலை நிண்டவர், பாக்கியத்தானத்திலை. அது சந்திரன் சொன்னது இல்லை. நீங்களாத்தான் சொன்னது."

எட்டாமிடத்தார் தொப்பியைக் கையிலை வைச்சு உருட்டுறார். அந்த மனுசன் தொப்பி போடாமல் வாயடைச்சு இருந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டன். இவ்வளவு வருசமாச் சந்திரனிலை இறக்கி வைச்சிருந்த பாரம் முழுக்கத் திரும்பித் தன்ரை தலையிலை வந்து விழுந்தால் ஆருக்குத்தான் கதை வரும். கொஞ்சத் தூரம் போனாப் பிறகு, காதைப் பிடிக்காமல், என்னையும் சொல்லச் சொல்லாமல், மெல்லமா, "மன்னிச்சுக்கொள்ளும் வதனா" எண்டார்.

"தெரிஞ்சுதான் வந்தனான்" எண்டா அவ. "கதையுங்கோ. மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தனியள்."

கட்டிடத்து வாசலிலை அயலட்டை முழுக்கக் காத்துக்கொண்டு நிக்குது, முன்னாலை செல்வராணி. பொம்பிளையைப் பாக்கத்தான் நிண்டதுகள். ஆனா எட்டாமிடத்தார் தலையிலை தொப்பி இல்லாமல், வாய் ஓயாமல் கதைச்சுக்கொண்டு இறங்கி வாறதைக் கண்டவுடனை எல்லாற்றை முகமும் கறுத்துப்போச்சு. மட்டையிலை இரவு வரைக்கும் எண்டு எழுதிக் கிடக்கெல்லோ. அவையள் ரெண்டு பேரும் லிப்டிலை ஏறிப் போக, சனம் என்னைப் பிடிச்சுக்கொண்டுது. அப்ப அந்தச் சென்னைப் பிள்ளை சொன்னது சரியோ? மட்டை பிழையோ? இந்த மட்டையைப் பாத்தெல்லோ நான் வீடு மாறினனான் எண்டு செல்வராணி அழுவாரைப் போலை நிக்கிறா. பின்னாலை பவித்ரா ஒண்டும் பேசாமல், பாட்டி என்ன சொல்லப்போறா எண்டு என்னையே பாத்துக்கொண்டு நிக்குது.

என்ரை வாயிலை உப்பிடி ஒரு கதை வந்து விழ நான் எத்தினை வருசம் காத்திருந்தனான் எண்டு உனக்குத் தெரியாது. மேலை மூண்டாம் மாடியிலை லிப்ட் கதவு திறக்கிற சத்தமும், அந்தப் பூனைக்கு வதனாவை அறிமுகப்படுத்திற அவற்றை குரலும் கேட்டுது.

மட்டையிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொன்னன். சந்திரன் ராவைக்குத்தான் போக இருந்தவர், எயார்போட் வாசலிலை வதனாவைக் கண்டிட்டுத் தானாவே ஒதுங்கி வழி விட்டவர், பக்கத்திலை நிண்டு நான் என்ரை கண்ணாலை பாத்தனான் எண்டு சொன்னன்.